பழரசம் பருகினால் பருமன் குறையுமா?

(உடல்நலப் பாடம்)



உடல் பருத்துவிட்டது, எப்படியாவது குறைக்க வேண்டும் என்னும் கவலை இன்று நம் குடும்பங்களில் நாள்தோறும் கேட்கும் பேச்சாகிவிட்டது. வழி என்னவென்று கேட்டால், "காலையில் பசியாறுவதை நிறுத்திவிட்டு ஒரு குவளை பழரசம் குடியுங்கள்" என்கிறார் ஒருவர். "மூன்று நாள் வேறொன்றும் தொடாமல் சாறு மட்டும் குடித்தால் போதும், இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடும்" என்கிறார் இன்னொருவர். சாறு பிழியும் மின்கருவியை விற்பவரும், நாளொன்றுக்கு ஆறு போத்தல் வீதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பவரும் அதையே இன்னும் உரத்த குரலில் கூறுகின்றனர்.

இது அழகைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. மலேசியாவில் 2023-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் அளவுக்கு மிஞ்சிய எடையோ பருமனோ உடையவர்கள். நூற்றுக்கு 15 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள். சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவின் மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. ஆகவே எடையைக் குறைக்க விரும்பும் ஒருவர் தவறான வழியில் இறங்கினால் பணம் மட்டும் வீணாவதில்லை. நீரிழிவு உடைய ஒரு தாயார், நல்லதென்று நம்பி, தம் காலை ஆகாரத்துக்குப் பதிலாகச் சீனி நிறைந்த ஒரு குவளைச் சாற்றை அருந்தி வருவாராயின், நோய்க்குத் தாமே தீனி போட்டவராகிறார். எனவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

1. பருமன் என்பது எது?

முதலில் நமக்கு எடை குறைய வேண்டுமா என்பதையே அறிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய எடையைக் கிலோவில் எடுத்து, அவருடைய உயரத்தை மீட்டரில் அளந்து, உயரத்தை உயரத்தால் பெருக்கி, வரும் தொகையால் எடையை வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணே உடல் எடைக் குறியீடு.

உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004-ல் வெளியிட்ட முடிவில், ஆசிய மக்களுக்கு 23 என்ற எண்ணிலிருந்தே அபாயம் கூடத் தொடங்குகிறது என்றும், 27.5-க்கு மேல் அது மிகுதி என்றும் குறித்தது. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுகின்றன என்பதே இதற்குக் காரணம். 1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது ஏறக்குறைய 59 கிலோ, 27.5 என்பது ஏறக்குறைய 70 கிலோ. இடுப்புச் சுற்றளவும் முக்கியமானது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆசிய மக்களுக்கு வகுத்த எல்லைகள்.

ஆரோக்கியமாக எடை குறைதல் என்றால் உடலிலுள்ள கொழுப்புக் குறைய வேண்டும். தசை கரையக் கூடாது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் நிலைக்க வேண்டும். இம்மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு பழரசத்தைப் பார்ப்போம்.

2. பழத்தைப் பிழிந்தால் நிகழ்வது என்ன?

பழம் என்பது சீனியும் தண்ணீரும் மட்டுமன்று. அதன் சதை எண்ணற்ற சிறு அறைகளால் ஆனது. சீனியும் தண்ணீரும் அந்த அறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. அறையின் சுவர்களே நார்ப்பொருள். நாம் மெல்லும்போது அந்தச் சுவர்கள் சிறிது சிறிதாக உடைகின்றன. பிழியும் கருவியோ எல்லாவற்றையும் ஒரே நொடியில் உடைத்து, சாற்றை ஒரு பக்கமும் சக்கையை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடுகிறது. நாம் சாற்றைக் குடிக்கிறோம், சக்கையைக் குப்பையில் கொட்டுகிறோம். வயிற்றை நிரப்பும் பகுதி குப்பைக்கும், உடலைப் பருக்கவைக்கும் பகுதி வயிற்றுக்கும் போய்விடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். நடுத்தரமான ஓர் ஆரஞ்சுப் பழத்தில் ஏறக்குறைய 60 கலோரியும் 3 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. ஒரு குவளை, அதாவது 250 மில்லிலிட்டர் சாறு பிழிய அத்தகைய பழம் மூன்று அல்லது நான்கு வேண்டும். அச்சாற்றில் ஏறத்தாழ 110 கலோரியும் 21 கிராம் சீனியும் இருக்கும். அது தேக்கரண்டியால் ஐந்து கரண்டி. நார்ப்பொருளோ ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரே நேரத்தில் நான்கு ஆரஞ்சை உரித்துத் தின்பவர் நம்மில் எத்தனை பேர்? நான்கு பழச் சாற்றை இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டு, "இன்று ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சொல்பவர் பலர்.

ஆப்பிள் சாற்றில் 100 மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராமை ஒட்டிய சீனி உண்டு. திராட்சைச் சாற்றில் 14 அல்லது 15 கிராம். வழக்கமான கோலா பானத்தில் இருப்பது ஏறத்தாழ 10 கிராம். பழச்சாற்றில் வைட்டமின்களும் தாதுச் சத்துக்களும் இருப்பதால் அதைக் கோலாவோடு எல்லா விதத்திலும் சமமாக வைக்க இயலாது. ஆயினும் எடைக் கணக்கில், சீனி எங்கிருந்து வந்தது என்று உடல் விசாரிப்பதில்லை.

"பழத்தில் இயற்கையாக உள்ள சீனிதானே, அது என்ன செய்யும்?" என்று கேட்கலாம். இதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில் விடை இருக்கிறது. முழுப் பழத்துக்குள் அடங்கியிருக்கும் சீனியை அந்நிறுவனம் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே பழத்தைப் பிழிந்ததும் வெளிப்படும் சீனியை, நாம் தேநீரில் போடும் சீனியோடும், தேனோடும், பாகோடும் ஒரே வரிசையில் சேர்த்துவிட்டது. இவ்வகைச் சீனி ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நலம் என்றது. 2,000 கலோரி உண்பவருக்கு முதல் எல்லை 50 கிராம், இரண்டாம் எல்லை 25 கிராம். ஒரு குவளை ஆரஞ்சுச் சாறே 21 கிராம் என்பதை நினைவில் கொள்க.

நம் இரு நாட்டு அரசாங்கங்களும் இதைக் கவனித்திருக்கின்றன. மலேசியாவில் 2019 ஜூலை முதல் தேதி இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தபோது, 100 மில்லிலிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சீனியுள்ள பழ, காய்கறிச் சாறுகளையும் அதில் சேர்த்தனர். சிங்கப்பூரில் போத்தலிலும் பெட்டியிலும் அடைத்த பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் 'நியூட்ரி-கிரேட்' என்னும் தரக்குறி இடப்படுகிறது. அடுத்த ஆண்டு அதே தேதியில் கடையில் தயாரித்துக் கொடுக்கும் பானங்களுக்கும் அது விரிந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது நான்கு தரங்களில் கடைசித் தரம். வாங்கும்முன் அக்குறியைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

3. மெல்லுவதும் குடிப்பதும் ஒன்றல்ல

பசி அடங்குவது வயிறு நிறைவதால் மட்டும் அன்று. வாய் மெல்ல வேண்டும், உணவு வயிற்றில் சிறிது நேரம் தங்க வேண்டும், குடலிலிருந்து மூளைக்குச் செய்தி போக வேண்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். சாறு அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. இதைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1977-ல் பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தனர்: முழுப் பழமாக, மசித்த கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. முழுப் பழத்தைத் தின்றதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகவும், கூழைத் தின்றதைவிட 4 மடங்கு வேகமாகவும் உள்ளே தள்ளிவிட்டனர். பசியை அதிகம் தணித்தது முழுப் பழம், அடுத்தது கூழ், கடைசியில் சாறு. இரத்தத்தில் சர்க்கரை மூன்றிலும் ஒரே அளவுக்கு ஏறியது. ஆனால் சாறு குடித்தபின் இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, ஏறிய சர்க்கரை சரிந்து இறங்கியது. சாறு குடித்த சிறிது நேரத்தில் மீண்டும் பசிக்கிறதே என்பார்க்கு இது நல்ல விளக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2009-ல் 58 பேரைக் கொண்டு வேறொரு சோதனை செய்தனர். பகல் உணவுக்கு முன் ஒரு நாள் ஆப்பிள் துண்டுகள், ஒரு நாள் ஆப்பிள் கூழ், வேறு நாட்களில் நார் கலந்த சாறும் நார் கலவாத சாறும் கொடுத்தனர். எல்லாம் ஒரே கலோரி அளவு. பழத் துண்டு தின்ற நாளில், முன்னதாக ஒன்றும் தின்னாத நாளைவிட, பழத்தையும் சேர்த்தே அவர்கள் உண்ட மொத்தக் கலோரி நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. சாற்றில் நாரைக் கலந்து கொடுத்தும் பழத்துக்கு அது ஈடாகவில்லை. நார் மட்டும் அல்ல, பழத்தின் உருவமும் மெல்லும் வேலையும் சேர்ந்தே பசியை ஆற்றுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

குடிக்கும் கலோரியை உடல் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறு சோதனையும் சான்று. 15 பேருக்கு நாள்தோறும் 450 கலோரியை நான்கு வாரம் இனிப்பு மிட்டாயாகவும், வேறு நான்கு வாரம் இனிப்புப் பானமாகவும் கொடுத்தனர். மிட்டாய் தின்ற காலத்தில் மற்ற உணவைத் தாமாகவே குறைத்துக் கொண்டனர். பானம் குடித்த காலத்தில் குறைக்கவில்லை, எடை ஏறிற்று.

பல ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் உண்டு. ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் 1,87,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டனர். முழுப் பழம் அதிகம் உண்டவர்களுக்கு நீரிழிவு குறைவாகவும், பழரசம் அதிகம் பருகியவர்களுக்குச் சற்று அதிகமாகவும் காணப்பட்டது. 2024-ல் கனடா, அமெரிக்க ஆராய்ச்சியாளர் 42 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். நாள்தோறும் கூடுதலாக ஒரு குவளை பழரசம் குடிக்கும் பிள்ளைகளுக்கு எடைக் குறியீடு சிறிதளவு ஏறுகிறது. பெரியவர்களிலும், உண்ணும் மொத்தக் கலோரியைக் கழித்துப் பாராத ஆய்வுகளில் சிறிது எடை கூடியது.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். இந்த ஏற்றம் சிறியது. ஒரு குவளைச் சாற்றால் யாரும் ஒரே மாதத்தில் பருத்துவிட மாட்டார்கள். நம் கேள்வி அதுவன்று. சாற்றால் மெலிய முடியுமா என்பதே கேள்வி. மெலிவிக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதாக இவற்றில் எதுவும் காட்டவில்லை.

4. முதல் வாரத்தில் எடை இறங்குகிறதே, அது எப்படி?

"என் கண்ணாலேயே தராசில் பார்த்தேன், மூன்று நாளில் இரண்டு கிலோ குறைந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தராசும் பொய் சொல்லவில்லை. குறைந்தது எது என்பதைத்தான் தராசு சொல்வதில்லை.

நம் ஈரலிலும் தசைகளிலும் மாவுச்சத்து 'கிளைகோஜன்' என்னும் வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். உணவைக் குறைத்தவுடன் உடல் முதலில் இந்தச் சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது. கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. உப்புள்ள சமையலை நிறுத்தியதால் உடலில் தங்கிய நீர் இன்னும் கொஞ்சம் போகிறது. குடலும் காலியாகிறது. இவையெல்லாம் சேர்ந்தே தராசு முள்ளை இறக்குகின்றன. சோறும் ரொட்டியும் உண்ணத் தொடங்கிய இரண்டொரு நாளில் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடுகிறது.

கொழுப்பு எவ்வளவு கரைந்திருக்கும்? ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பது கணக்கு. நாளொன்றுக்கு 1,800 கலோரி செலவிடும் ஒருவர் ஆறு குவளை ஆரஞ்சுச் சாறு மட்டும் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 675 கலோரி. நாளொன்றுக்கு 1,125 கலோரி குறைகிறது. மூன்று நாளில் 3,375. அனைத்தும் கொழுப்பிலிருந்தே எடுக்கப்பட்டாலும் அரைக் கிலோவும் ஆகாது. அப்படி அனைத்தும் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவதும் இல்லை.

ஏனெனில் அந்த ஆறு குவளையில் புரதச் சத்து சுமார் 10 கிராம்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 48 கிராம் புரதம் வேண்டும். போதிய புரதம் வராவிட்டால் உடல் தன் தசையையே எடுத்துச் செலவிடத் தொடங்கும். தசை குறைந்தால் உடல் சும்மா இருக்கும்போது செலவிடும் சக்தியும் குறையும். பிறகு பழைய அளவு உண்டாலும் எடை ஏறும். வயதானவர்களுக்குத் தசை குறைவது நடையைத் தளர்த்தி, விழுந்து எலும்பு முறியவும் வழி செய்யும். இன்னொன்றும் கவனிக்க: அந்த ஆறு குவளையில் சீனி மட்டும் 126 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன மேல் எல்லையைப் போல் இரண்டரை மடங்கு.

ஆகவே, சாறு குடித்து எடை குறைந்தால், அது சாற்றின் மகிமையால் அன்று. மற்ற உணவை நிறுத்தியதால் குறைந்தது. எதை நிறுத்தினாலும் அப்படிக் குறையும். நிறுத்தியதைத் தொடங்கினால் ஏறும்.

5. உடலின் கழிவை நீக்குமா?

சாறு விற்போர் கூறும் மற்றொரு காரணம், உடலில் தேங்கிய நச்சுக் கழிவுகளை அது கழுவிவிடும் என்பது. எந்த நச்சு, எவ்வளவு, எந்த உறுப்பில் என்று கேட்டால் விடை வராது. அந்த வேலைக்கென்றே நமக்கு ஈரலும் சிறுநீரகமும் அமைந்திருக்கின்றன. நல்ல சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. இதற்குப் பழரசம் தேவையில்லை. இத்தகைய கழிவு நீக்க உணவுமுறைகளைப் பற்றி ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 2015-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டனர். விற்பனையில் உள்ள இம்முறைகள் பயன் தருவதாக மெய்ப்பிக்கும் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட இல்லை என்பதே அவர்கள் கண்டது.

6. காய்கறிச் சாறு எப்படி?

வெள்ளரி, தக்காளி, பாகல் முதலியவற்றின் சாற்றில் சீனி குறைவு. 100 மில்லிலிட்டர் தக்காளிச் சாற்றில் 17 கலோரி அளவே உண்டு. சீனி போட்ட பானத்தை விட்டு இதற்கு மாறுகிறவருக்கு நன்மைதான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கடையில் 'பச்சைச் சாறு' என்று விற்பதில் கசப்பை மறைக்க ஆப்பிளோ அன்னாசியோ பாதிக்குமேல் இருக்கக்கூடும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அடைத்து விற்கும் தக்காளிச் சாற்றில் உப்பு அதிகம் இருக்கலாம். காரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் சத்து, சிறிது எண்ணெயோடு சமைத்து உண்ணும்போது உடலில் நன்றாகச் சேர்கிறது. நம் வீட்டுக் கீரைப் பொரியல் இவ்விஷயத்தில் விலையுயர்ந்த சாற்றுக்குத் தாழ்ந்ததன்று.

பிழியாமல் பழத்தை முழுதாக அரைத்துக் குடிப்பதில் நார் உள்ளேயே இருப்பதால் அது சாற்றைவிட மேல். ஆயினும் வேகமாகக் குடித்துவிடும் குறை அதற்கும் உண்டு. அதில் பாலேடும், தேனும், கெட்டிப்பாலும் சேர்த்தால் அது பானமல்ல, ஒரு வேளைச் சாப்பாடு.

7. எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்

நீரிழிவு உடையவர்கள்: சாறு இரத்தச் சர்க்கரையை விரைவில் ஏற்றும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர், வேளை உணவை விட்டுவிட்டுச் சாறு மட்டும் குடித்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கவும் கூடும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதோ உணவை நிறுத்துவதோ கூடாது.

சிறுநீரக நோயாளிகள்: பழச்சாறுகளிலும் கீரைச் சாறுகளிலும் பொட்டாசியம் மிகுதி, பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாது. பசலைக்கீரை, பீட்ரூட் போன்றவற்றை நாள்தோறும் பெருமளவில் பிழிந்து குடித்து, அவற்றிலுள்ள ஆக்சலேட்டால் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் உள்ளன. மலாயில் பெலிம்பிங் என்று சொல்லப்படும் நட்சத்திரப் பழத்தையோ அதன் சாற்றையோ சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. விக்கல், மயக்கம், வலிப்பு என்று தொடங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருந்து உண்பவர்கள்: கிரேப்ஃபுரூட் பழச்சாறு, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சிலவும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் இரத்தத்தில் அளவுக்கு மேல் சேரும்படி செய்துவிடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்கள் திடீரென்று கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வேலை கெடும்.

சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள்: உடல் மெலிய இதைக் குடிக்கும் வழக்கம் இந்தியாவிலிருந்து இங்கும் வந்திருக்கிறது. கசக்கும் சுரைக்காயில் நஞ்சு உண்டு. அதைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் இந்தியாவில் உண்டு. ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் கொட்டிவிடுக. "மருந்து கசக்கத்தான் செய்யும்" என்று எண்ணி விழுங்கற்க.

சிறு பிள்ளைகள்: ஒரு வயதுக்குள் பழரசமே வேண்டாம் என்றும், மூன்று வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-ல் அறிவுறுத்தியது. பால் போத்தலில் பழரசம் ஊற்றிக் கொடுத்தால் பல்லும் சொத்தையாகும்.

8. நோன்பு திறக்கும் வேளையில்

பகலெல்லாம் நோன்பிருந்தும் ரமலான் முடிவில் எடை ஏறிவிட்டது என்று வியப்பவர்கள் நம்மில் உண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. ரமலான் சந்தையில் வாங்கும் கரும்புச் சாறும், ரோஜாப் பாகும் கெட்டிப்பாலும் கலந்த பண்டுங்கும், சீனி சேர்த்த பழரசமும் தாகத்தின் வேகத்தில் இரண்டு மூன்று குவளை உள்ளே போய்விடுகின்றன. பேரீச்சம்பழத்தை மென்று, தண்ணீர் அருந்தி, ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி குடித்தால் தாகமும் தணியும், வயிறும் அமரும். பழம் வேண்டுமெனில் தர்பூசணியை வெட்டி வையுங்கள், பிழிய வேண்டாம்.

9. செய்ய வேண்டியது என்ன?

பலன் தரும் வழி எதுவென்பது தெரிந்ததே. அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், உணவை அளவாக்கி, உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் குறிக்கோளாகக் கொண்டவர்களுக்கு, நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 பங்கு என்பது ஐந்தரைக் கிலோவே. மூன்று நாளில் அல்ல, சில மாதங்களில். இதை நம் வீட்டுக்கு ஏற்றபடி இவ்வாறு செய்யலாம்:

(அ) சாப்பாட்டுத் தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. மலேசியாவில் 'சுக்கு சுக்கு செபாரோ' என்று சொல்லப்படுவதும் சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் கற்பிப்பதும் இதுவே. மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாக உண்ணும் உலாம் கீரைகள் நாமும் கைக்கொள்ளத் தக்கவை.

(ஆ) நாளொன்றுக்கு இரண்டு வேளை பழம், மென்று தின்னும்படி. கொய்யாப்பழம் 100 கிராமில் ஐந்து கிராம் நார்ப்பொருள் உண்டு, விலையும் அதிகமில்லை. பப்பாளி, ஆரஞ்சு, ஆப்பிள் எதுவானாலும் நலம்.

(இ) தாகத்துக்குத் தண்ணீர். தேநீர் இன்றி முடியாதவர்கள் 'தே ஓ கோசோங்' குடிக்கப் பழகலாம். தே தாரிக்கை விட்டுப் பழரசத்துக்கு மாறுவது ஒரு சீனியை விட்டு மறு சீனிக்கு மாறுவதே.

(ஈ) பழரசத்தில் ஆசையுள்ளவர் ஒரு நாளைக்கு ஒரு சிறு குவளை, 150 மில்லிலிட்டரோடு நிறுத்துக. பிரிட்டனின் சுகாதாரத் துறை வகுத்த எல்லையும் இதுவே. சீனி சேர்க்காமல், சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாக அன்று.

(உ) சாறு பிழியும் கருவியை முன்பே வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. காய்கறியை அதிகமாகவும் பழத்தைக் குறைவாகவும் இட்டுப் பிழிக. காரட் சக்கையைக் கொட்டாமல் அடை மாவிலோ சூப்பிலோ சேர்த்துக்கொள்க. மெல்ல இயலாத முதியவர்க்கும், நோயால் இளைத்து உணவு இறங்காதவர்க்கும் சாறு பயன்படும். ஆனால் அவர்கள் எடை கூட வேண்டியவர்கள். குறைய வேண்டியவர்கள் அல்லர்.

பாடச் சுருக்கம்

பழமும் காய்கறியும் எடையைக் குறைக்க விரும்புவோருக்கு உற்ற துணை. பிழிந்த சாறு அத்துணையைப் பாதியில் கைவிடுகிறது. நாரும் மெல்லும் வேலையும் போய்விடுகின்றன, சீனி நிற்கிறது. சாற்றால் முதல் வாரம் குறைவது பெரும்பாலும் தண்ணீர். நிலைத்து நிற்கும் குறைவு, அளவான உணவாலும் நடையாலும் பொறுமையாலும் வருவது.

வீட்டில் கூடிப் பேச வினாக்கள்

1. நம் குடும்பத்தில் ஒவ்வொருவருடைய எடைக் குறியீடும் இடுப்பளவும் என்ன?
2. நேற்று நாம் ஒவ்வொருவரும் குடித்த பானங்களில் சீனி எத்தனை தேக்கரண்டி இருக்கும்?
3. நம் வீட்டில் நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர் யாரேனும் சாறு குடித்து வருகிறாரா? மருத்துவரிடம் அதைச் சொல்லியிருக்கிறாரா?
4. இந்த வாரம் பழரசத்துக்குச் செலவிட்ட பணத்தில் எத்தனை கிலோ கொய்யாப்பழம் வாங்கியிருக்கலாம்?

மூன்றாம் வினாவுக்கு 'ஆம், சொல்லவில்லை' என்று விடை வருமாயின், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும் நாள் வரை காத்திராமல் இவ்வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள்.